எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு யார் சொல்வதைக் கேட்பது?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த தடுமாற்றங்களை எடுத்துவிட்டு, கொஞ்சம் திருத்தியிருக்கிறேன்.)

இன்னைக்கு எபிசோடு வழக்கமான டெக் சமாச்சாரம் இல்லை. எங்க வீட்டுக் கதை. அக்காகிட்ட அனுமதி வாங்கிட்டுத்தான் பேசுறேன். "என் பேரு மட்டும் சொல்லாதடா, மத்ததெல்லாம் சொல்லு, நாலு பேருக்கு உதவும்"னு சொல்லிட்டா.

அக்காவுக்கு 31 வயசு. கல்யாணமாகி கும்பகோணத்தில் இருக்கிறாள். உயரம் 158 சென்டிமீட்டர், எடை 118 கிலோ, கூடவே கட்டுக்குள் வராத சர்க்கரை. பிஎம்ஐ கணக்குப் போட்டால் 47. டயட், வாக்கிங், ஜிம் எல்லாம் பல வருஷம் பார்த்தாச்சு. கடைசியில் சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்லீவ் ஆபரேஷன் பண்ணிக்கிட்டா. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. மூணாம் நாள் டிஸ்சார்ஜ். ஒரு வாரம் எங்க வீட்டில் இருந்துவிட்டு ஊருக்குப் போனாள்.

பிரச்சனை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. என்ன சாப்பிடணும், எவ்வளவு, எப்போ? ஆளாளுக்கு ஒரு பதில். அந்தக் குழப்பத்தில் என் பங்கும் இருந்தது. அதையும் சொல்கிறேன்.

வயித்துக்குள்ள என்ன மாறுது?

ஸ்லீவ் என்றால் இரைப்பையில் கிட்டத்தட்ட 75 முதல் 80 சதவீதத்தை வெட்டி எடுத்துவிடுவார்கள். மீதி இருப்பது வாழைப்பழம் மாதிரி ஒரு குழாய். பசியைத் தூண்டுகிற க்ரெலின் என்ற ஹார்மோன் அதிகமாகச் சுரக்கும் மேல் பகுதியும் அதோடு போய்விடும். அதனால்தான் ஆரம்ப மாதங்களில் பசியே எடுக்கலைன்னு பலர் சொல்கிறார்கள்.

இன்னொன்று கேஸ்ட்ரிக் பைபாஸ். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் 1966-ல் முதன்முதலில் செய்த ஆபரேஷனின் வழியில் வந்தது. இரைப்பையின் மேல்பக்கம் சுமார் 30 மில்லி கொள்ளளவில் ஒரு சின்னப் பை மட்டும் விட்டு, அதை நேரடியாகச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைப்பார்கள். சாப்பாடு சிறுகுடலின் முதல் பகுதி வழியாகவே போகாது.

இரண்டிலும் எடை குறையும், பலருக்கு சர்க்கரையும் கட்டுக்கு வரும். ஆனால் இரைப்பை வெறும் சேமிப்புத் தொட்டி இல்லை. பி12 உடம்பில் சேர வேண்டுமென்றால் இரைப்பைச் சுவர் சுரக்கிற ஒரு புரதம் வேண்டும். இரும்புச் சத்து கரைய அமிலம் வேண்டும், அது உறிஞ்சப்படுவது முக்கியமாகச் சிறுகுடலின் முதல் பகுதியில். கால்சியத்துக்கும் அந்தப் பகுதி முக்கியம். அந்த வேலைகளைச் செய்த இடத்தை வெட்டினாலோ தாண்டிப் போனாலோ, "நல்லா சத்தா சாப்பிட்டா போதும்" என்கிற பொது அறிவுரை இங்கே செல்லாது.

எங்க பாஷையில் சொன்னால், சிஸ்டத்தின் ஆர்க்கிடெக்சரையே மாத்திட்டோம். பழைய யூசர் மேனுவலை வெச்சுக்கிட்டு ஓட்ட முடியாது.

எண்ணிக்கை கொஞ்சம் பார்ப்போம்

அமெரிக்க பேரியாட்ரிக் சர்ஜன்கள் சங்கம் 2016-ல் திருத்தி வெளியிட்ட ஊட்டச்சத்து வழிகாட்டி பல நாடுகளில் பின்பற்றப்படுகிறது. ஸ்லீவ், பைபாஸ் இரண்டுக்கும் அதில் சொல்லும் அளவுகள் தோராயமாக இப்படி: கால்சியம் ஒரு நாளைக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம், ஒரே வேளையில் இல்லாமல் பிரித்து. வைட்டமின் டி 3000 யூனிட், ரத்தத்தில் அளவு சரியாகும் வரை. மாதவிடாய் உள்ள பெண்களுக்கு இரும்பு 45 முதல் 60 மில்லிகிராம். தயமின் என்கிற பி1 குறைந்தது 12 மில்லிகிராம். பி12-ஐ மாத்திரையாகவோ ஊசியாகவோ தனியாக எடுக்க வேண்டும். புரதம் குறைந்தபட்சம் 60 கிராம் என்பது பொதுவான இலக்கு.

இதை வெச்சு நீங்களே மாத்திரை வாங்கிப் போட்டுக்காதீங்க. உங்க ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர்தான் அளவு சொல்லணும். நான் எண்களைச் சொன்னதற்குக் காரணம், "ஒரு சாதாரண மல்டிவைட்டமின் போதும்"னு யாராவது சொன்னால் உங்களுக்குச் சந்தேகம் வரணும்.

புரதக் கணக்கை நம்ம சமையலறைக்குக் கொண்டு வருவோம். ஒரு இட்லியில் சுமார் 2 கிராம் புரதம். 60 கிராமுக்கு 30 இட்லி சாப்பிடணும். ஆபரேஷன் முடிஞ்ச ஆளுக்கு ஒரு இட்லியே பெரிய விஷயம். கேழ்வரகுக் கஞ்சி நல்லதுதான், ஆனா 30 கிராம் மாவில் 2 கிராம் புரதம்தான் தேறும். ரசத் தண்ணியில் சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் இல்லை. ஒரு முட்டையில் 6 கிராம். 50 கிராம் பனீரில் 9 கிராம். 100 கிராம் சமைச்ச மீனில் 20 கிராம். 100 கிராம் வேகவெச்ச கொண்டைக்கடலையில் 8, 9 கிராம், ஆனால் அது ஆரம்ப வாரங்களில் செரிக்காது. அதனால்தான் முதல் சில மாதங்கள் புரதப் பவுடரைச் சேர்க்கச் சொல்கிறார்கள்.

சாப்பாட்டுக்கும் படிகள் இருக்கு. முதலில் தெளிந்த நீராகாரம், பிறகு பால், மோர், புரதப் பானம் போன்றவை, அப்புறம் மசித்தது, அப்புறம் மென்மையானது, கடைசியில் வழக்கமான சாப்பாடு. எந்தப் படியில் எத்தனை நாள் என்பது ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி கொஞ்சம் மாறும். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது, அரை மணி நேரம் விடணும். கால்சியத்தையும் இரும்பையும் சேர்த்துப் போடக் கூடாது, 2 மணி நேரமாவது இடைவெளி வேணும். இரும்பு மாத்திரையை டீ, காபியோட முழுங்கினால் பாதி வீண்.

ஆளுக்கொரு அறிவுரை

இவ்வளவும் டிஸ்சார்ஜ் பேப்பரில் இருந்தது. ஆங்கிலத்தில், நாலு பக்கம், சின்ன எழுத்தில். அக்கா அதை பீரோவில் வெச்சுட்டா. நான் செய்த காரியம், ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க இருக்கிற ஒரு வாட்ஸ்அப் க்ரூப் லிங்க்கைத் தேடிப் பிடிச்சு அவளைச் சேர்த்துவிட்டது. பெரிய உதவி பண்ணிட்டதா நினைப்பு வேற.

அந்த க்ரூப்பைக் குறை சொல்ல மாட்டேன். அதில் இருந்தவங்க நல்லவங்க. ராத்திரி 2 மணிக்கு "எனக்கு அழுகையா வருது"ன்னு போட்டால் பதில் சொல்ல ஆள் இருந்தது. முடி கொட்டுறதைப் பார்த்து அக்கா பயந்தப்போ, மூணாவது மாசத்தில் இது வரும், பெரும்பாலும் திரும்ப வளரும்னு தைரியம் சொன்னது அவங்கதான். அது சரியான தகவலும்கூட.

ஆனா அதே க்ரூப்பில் ஒருத்தர், "நான் மூணாவது வாரமே இட்லி சாப்பிட்டேன், ஒண்ணும் ஆகல"ன்னார். அவருக்கு நடந்தது பைபாஸ், அக்காவுக்கு ஸ்லீவ். இன்னொருத்தர் "மாத்திரை குமட்டினா கம்மி வைட்டமின் சாப்பிடுங்க, மிட்டாய் மாதிரி இருக்கும்"ன்னார். அப்படிப்பட்ட கம்மிகள் பலவற்றில் இரும்பே இருக்காது, தயமின் இருக்காது. இன்னொருத்தர் புரதப் பவுடர் டீலர். அவருடைய எல்லா பதிலும் ஒரே டப்பாவில் போய் முடியும்.

வீட்டில் அக்காவின் மாமியார். பாசமான மனுஷி. "ஒரு வாய் சோறு உள்ள போனாத்தானேம்மா தெம்பு வரும்"னு குழைய வெச்ச சாதத்தை நெய் விட்டு ஊட்டுவாங்க. மறுக்க மனசு வராது.

நாலாவது வாரத்தில் வாந்தி ஆரம்பித்தது. முதலில் சாதத்துக்கு, அப்புறம் கஞ்சிக்கு, அப்புறம் தண்ணிக்கே. க்ரூப்பில் கேட்டாள். பத்து பேர் பதில் போட்டாங்க, எல்லாரும் ஒரே பதில்: "ஆரம்பத்தில் வாந்தி சகஜம்."

ஒரு பாட்டில் ஏத்தினா சரியாயிடும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா போன் பண்ணினார். "மாப்ள, உங்க அக்காவுக்கு சுத்தமா முடியல. பத்து நாளா எதுவும் தங்கல. பக்கத்து கிளினிக்குக் கூட்டிட்டு வந்திருக்கேன். ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தினா சரியாயிடும்னு சொல்றாங்க."

நம்ம ஊரில் இதைவிட இயல்பான வாக்கியம் கிடையாது. சோர்வா, ஏத்து ஒரு பாட்டில். நானும் சரின்னு சொல்லப் போனேன். அதற்கு முன்னாடி ஏதோ தோணி, போனில் இருந்த டிஸ்சார்ஜ் பேப்பர் போட்டோவைத் திறந்தேன். நாலாவது பக்கத்தில் டயட்டீஷியன் நம்பர். ஞாயித்துக்கிழமை எடுப்பாங்களான்னு சந்தேகத்தோட அடிச்சேன். எடுத்தாங்க.

அவங்க கேட்டது மூணே கேள்வி. வாந்தி எத்தனை நாளாக? வைட்டமின் மாத்திரை உள்ளே தங்குதா? கால் மரத்துப்போகுதா, கண் இரட்டையாத் தெரியுதா, நடை தள்ளாடுதா?

மாமாவைக் கான்பரன்ஸில் சேர்த்தேன். கால் விரல் நாலு நாளா மரத்திருக்குன்னார். நேத்துலேருந்து சுவரைப் பிடிச்சுக்கிட்டுத்தான் பாத்ரூம் போறாளாம். அக்கா இதை யாரிடமும் சொல்லவில்லை. பலவீனம்னு நினைச்சிருக்கா.

டயட்டீஷியன் குரல் மாறிடுச்சு. "சார், இது சாப்பாட்டு விஷயம் இல்லை. தயமின் கொடுக்காம குளுக்கோஸ் ஏத்த வேண்டாம். போனை அங்க இருக்கிற டாக்டர்கிட்ட குடுங்க. நான் சர்ஜனை லைனில் கொண்டு வரேன்."

என்ன ஆபத்துன்னு பிறகுதான் புரிந்துகொண்டேன். தயமின் நம்ம உடம்பில் இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் கையிருப்பு. சாப்பாடும் குறைந்து, வாந்தியும் தொடர்ந்தால் சீக்கிரம் தீர்ந்துவிடும். குளுக்கோஸை உடைத்து சக்தியாக்க உடம்புக்குத் தயமின் தேவை. கையிருப்பு காலியான ஆளுக்கு குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், மிச்சம் மீதி இருந்த தயமினும் செலவாகி மூளை பாதிக்கப்படலாம். வெர்னிக்கி என்செபலோபதி என்று பெயர். கண் அசைவு, நடை, தெளிவு மூன்றும் பாதிக்கும். தாமதித்தால் ஞாபக சக்தி நிரந்தரமாகப் போகலாம். தயமினை முன்னாடியோ, குறைந்தது குளுக்கோஸோடு சேர்த்தோ கொடுத்தால் இதைத் தவிர்க்கலாம்.

கிளினிக் டாக்டர் பெருந்தன்மையாக நடந்துகொண்டார். ஸ்லீவ் ஆபரேஷன் ஆன விஷயமே அவருக்கு யாரும் சொல்லவில்லை. உடனே தயமின் ஊசி ஏற்பாடு செய்து, தஞ்சாவூரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். இரண்டு நாள் கழித்து சென்னையில் எண்டோஸ்கோப்பி பார்த்தாங்க. ஸ்லீவின் நடுவில் ஒரு இடத்தில் சுருக்கம். பலூன் வைத்து விரித்துவிட்டார்கள். வாந்தி நின்றது. கால் மரத்துப்போனது சரியாக நாலு மாசம் ஆச்சு.

பத்து பேர் "சகஜம்"னு சொன்னது, உள்ளே இருந்த ஒரு அடைப்பு. அவங்க பொய் சொல்லல. அவங்கவங்க அனுபவத்தைச் சொன்னாங்க. அக்காவின் வயிற்றுக்குள் பார்க்க அவர்களுக்கு வழியில்லை.

அப்போ யாரை நம்புறது?

அதற்கப்புறம் ஒரு அறிவுரை வந்தால் நான் வரிசையாக நாலு கேள்வி கேட்கிறேன்.

ஒன்று, சொல்கிறவர் படித்தது என்ன? "நியூட்ரிஷனிஸ்ட்"னு பயோவில் யார் வேணும்னாலும் போட்டுக்கிறாங்க, ஒரு மாச ஆன்லைன் கோர்ஸ் முடிச்சவங்க உட்பட. உணவியலில் பட்டம், ஆஸ்பத்திரிப் பயிற்சி, இந்திய உணவியல் சங்கத்தின் பதிவு பெற்ற டயட்டீஷியன் தேர்வு, இதையெல்லாம் கேட்டுத் தெரிஞ்சுக்கலாம். 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தில் டயட்டீஷியன்களும் வருகிறார்கள். கூடவே கேளுங்க: பேரியாட்ரிக் நோயாளிகளைப் பார்த்த அனுபவம் இருக்கா?

இரண்டு, என்ன ஆபரேஷன், எத்தனையாவது வாரம் என்று கேட்டுவிட்டுச் சொல்கிறாரா? கேட்காமலே பதில் சொன்னால் அது உங்களுக்கான பதில் இல்லை.

மூன்று, உங்க ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்தாரா? பி12 கல்லீரலில் வருஷக்கணக்கில் சேமிப்பில் இருக்கும். அதனால் குறைபாடு தெரிய இரண்டு மூன்று வருஷம்கூட ஆகும். "ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம், மாத்திரையே போடல, சூப்பரா இருக்கேன்" என்பவரின் அனுபவம் எதையும் நிரூபிக்காது. சைவம் சாப்பிடுபவர்களும், சர்க்கரைக்கு மெட்பார்மின் எடுப்பவர்களும் இதில் கூடுதல் கவனமாக இருக்கணும்.

நான்கு, முடிவில் ஏதாவது விற்கிறாரா?

சமூக ஆதரவுக்கு க்ரூப் வேணும். சமையல் குறிப்பு, கல்யாண வீட்டில் பந்தியில் எப்படி சமாளிக்கறது, பழைய சட்டையை என்ன பண்றது, எல்லாம் அங்கே கேளுங்க. மருந்து, அளவு, வலி, வாந்தி, மரத்துப்போதல் என்றால் க்ரூப்பில் டைப் பண்ற நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணுங்க.

ஆபரேஷனுக்கு முன்னாடியே கேட்க வேண்டியது

புரொடக்‌ஷனில் டிப்ளாய் பண்ணிட்டு மானிட்டரிங் இல்லாம விட்டா என்ன ஆகும்னு நம்மில் பல பேருக்குத் தெரியும். இங்கேயும் அதேதான். பேக்கேஜ் விலையைக் கேட்கும்போதே இதையும் கேளுங்க. டீமில் டயட்டீஷியன் இருக்காங்களா? ஆபரேஷனுக்கு முன்னாடி எத்தனை தடவை பார்ப்பாங்க, பின்னாடி எத்தனை தடவை? வெளியூர்க்காரங்களுக்கு வீடியோ கால் உண்டா? ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் எந்த நம்பர்? டயட் பேப்பர் தமிழில் கிடைக்குமா?

ரத்தப் பரிசோதனை முதல் வருஷத்தில் சில தடவை, பொதுவாக 3, 6, 12 மாதங்களில். அதற்குப் பிறகு வருஷா வருஷம், வாழ்நாள் முழுக்க. மாத்திரைகளும் அப்படியே. இந்தச் செலவையும் பட்ஜெட்டில் எழுதுங்க. இன்சூரன்ஸைப் பொறுத்தவரை, பிஎம்ஐ 40-க்கு மேல், அல்லது 35-க்கு மேல் இருந்து கூடவே கட்டுப்படாத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சுத்திணறல் போன்ற நோய் இருந்தால்தான் ஆபரேஷனுக்குப் பொதுவாகக் கவரேஜ். அதற்குப் பிந்தைய டயட் ஆலோசனை அதில் வருமான்னு தனியா கேளுங்க.

பெண்களுக்கு ஒரு முக்கிய விஷயம்: ஆபரேஷனுக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். "எடை குறைஞ்சிடுச்சே, அடுத்து விசேஷம் எப்போ?"ன்னு கேட்கிற சொந்தக்காரங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியது கணவரின் வேலை.

குடிக்கிற பழக்கம் இருக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. ஆபரேஷனுக்குப் பிறகு மது வேகமாக ஏறும், பைபாஸ் செய்துகொண்டவர்களில் குடிப் பிரச்சனை அதிகரிப்பதும் ஆய்வுகளில் தெரிந்த விஷயம். தலைவலிக்கு மெடிக்கலில் வாங்குகிற வலி மாத்திரைகளில் பல, பைபாஸ் ஆனவர்களுக்குப் புண் உண்டாக்கும். கேட்காமல் போடாதீங்க.

கடைசியாக, வீட்டில் இருப்பவர்களையும் டயட்டீஷியனிடம் ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க. இரண்டாவது தடவை சென்னை வந்தப்போ அக்காவின் மாமியாரும் வந்தாங்க. டயட்டீஷியன் ஒரு சின்ன டம்ளரைக் காட்டி, "அம்மா, இப்ப இவங்க வயிறு இவ்வளவுதான். இதுல சோறு போட்டா முட்டைக்கு இடம் இருக்காது"ன்னாங்க. அத்தை கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்தாங்க. இப்போ தட்டில் முதலில் முட்டை வெச்சு, அது முடிஞ்சாத்தான் மற்றதைப் பரிமாறுறாங்க.

அந்த நாலு பக்கப் பேப்பரை நான் தமிழில் ஒரே பக்கமா எழுதி, அக்கா வீட்டு பிரிட்ஜில் ஒட்டியிருக்கேன். மேலே பெரிய எழுத்தில் மூணு வரி. ஒரு நாளுக்கு மேல் எதுவும் தங்கலைன்னா போன் பண்ணு. மரத்துப்போனா, கண் இரட்டையாத் தெரிஞ்சா, தடுமாறினா உடனே ஆஸ்பத்திரி. எந்த டாக்டர்கிட்ட போனாலும் முதல் வாக்கியம் "எனக்கு ஸ்லீவ் ஆபரேஷன் ஆகியிருக்கு." கீழே அந்த ஞாயித்துக்கிழமை எடுத்த நம்பர்.

அக்கா இப்போ 79 கிலோ. சர்க்கரை மாத்திரை நிறுத்தியாச்சு, வைட்டமின் மாத்திரை நிறுத்தல. க்ரூப்பில் இன்னும் இருக்கா. யாராவது "வாந்தி வருது"ன்னு போட்டால் முதல் ஆளா பதில் போடுறா: "எத்தனை நாளா? டாக்டருக்குப் போன் பண்ணீங்களா?"

உங்க வீட்டில் யாராவது இந்த ஆபரேஷனுக்கு யோசிச்சுக்கிட்டு இருந்தா, இந்த எபிசோடை அனுப்புங்க. டிஸ்சார்ஜ் பேப்பரை இன்னைக்கே போட்டோ எடுத்து வீட்டில் எல்லார் போனிலும் வையுங்க. அடுத்த வாரம் வழக்கம்போல டெக் பக்கம் திரும்பிடுவோம். வரட்டுமா.